நச்சரித்தே கைப்பற்றப்பட்ட மென்பொருள்: தொந்தரவு செய்பவர்களை ஓப்பன் சோர்ஸ் உலகம் எப்படிச் சமாளிக்கிறது?

சர்வரில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனது. பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் விடவில்லை. 'ஏன் இவ்வளவு ஸ்லோ?' என்று தோண்டிப் பார்த்த அவர், 2024 மார்ச் 29ஆம் தேதி வெளியிட்ட தகவல் உலகம் முழுக்க சர்வர் நிர்வாகிகளின் தூக்கத்தைக் கெடுத்தது.

லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்இசட் யூட்டில்ஸ்' என்ற சின்ன மென்பொருளுக்குள் யாரோ ஒரு ரகசியக் கதவை வைத்திருந்தார்கள். அதற்கான சாவி கையில் இருந்தால், பாஸ்வேர்டு இல்லாமலேயே சர்வருக்குள் நுழைந்துவிடலாம். பாதிப்பின் தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் இதற்குக் கிடைத்தது 10க்கு 10. நல்லவேளையாக, அது அப்போது சோதனைப் பதிப்புகளைத் தாண்டிப் பெரிதாகப் பரவியிருக்கவில்லை.

கதவு எப்படி உள்ளே வந்தது என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். அது தொடங்கியது 2022இல், சில கோபமான மின்னஞ்சல்களில்.

என்ன நடந்தது?

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பயன்படுத்தலாம். ஆனால் அதைப் பராமரிப்பவர் பல நேரங்களில் சம்பளமே இல்லாத ஒரே ஒரு ஆள்தான். எக்ஸ்இசட்டுக்கு அப்படி இருந்தவர் லாஸ்ஸே காலின்.

2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை 'ஜிகர் குமார்', 'டென்னிஸ் என்ஸ்' என்ற பெயர்களில் புகார்கள் வந்தன. அப்டேட் ஏன் வரவில்லை, அனுப்பிய திருத்தங்கள் ஏன் கிடப்பில் கிடக்கின்றன, உங்களால் முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்கலாமே என்ற ரீதியில் போனது பேச்சு. இது சம்பளமில்லாத, பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று காலின் பொறுமையாக விளக்கிப் பார்த்தார். தனக்கு இருக்கும் சிரமங்களையும் சொன்னார். அப்போதும் நச்சரிப்பு நிற்கவில்லை.

இன்னொரு பக்கம், 2021இல் இருந்தே 'ஜியா டான்' என்பவர் சத்தமில்லாமல் உதவி செய்துகொண்டிருந்தார். மரியாதையான பேச்சு, உருப்படியான வேலை. அழுத்தம் அதிகமாக அதிகமாக, பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்குப் போனது. ரகசியக் கதவுடன் 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பு அவர் கைவண்ணம்தான்.

திட்டியவர்களும் உதவியவரும் ஒரே அணி என்பதுதான் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பலரின் சந்தேகம். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இதுவரை நிரூபிக்கப்படவில்லை. 'குமார்' என்று இருப்பதால் நம்மூர்க்காரர் என்று முடிவுகட்டவும் முடியாது. பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

விதிமுறை போட்டால் போதுமா?

தொந்தரவு செய்பவர்களைப் பற்றிய பேச்சு ஓப்பன் சோர்ஸ் உலகில் புதிதல்ல. 2007இலேயே பிரையன் ஃபிட்ஸ்பாட்ரிக், பென் காலின்ஸ்-சஸ்மன் என்ற இரண்டு டெவலப்பர்கள் கூகுளில் இதைப் பற்றி உரையாற்றினார்கள். ஒரு குழு காப்பாற்றிக்கொள்ள வேண்டிய முக்கியமான சொத்து அதன் கவனம்தான் என்பது அவர்கள் வாதம். கெட்ட எண்ணமே இல்லாத ஒருவர்கூட, முடிந்துபோன விவாதத்தைத் திரும்பத் திரும்பக் கிளறி அந்தக் கவனத்தைச் சிதறடித்துவிட முடியும்.

லினக்ஸ் கெர்னல் குழு 2018 செப்டம்பரில் நடத்தை விதிகளைக் கொண்டுவந்தது. தன் கடுமையான பேச்சுக்காக லினஸ் டோர்வால்ட்ஸே மன்னிப்பு கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்ததும் அப்போதுதான். அந்த விதிகள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. 2024 நவம்பரில், சக டெவலப்பரை மோசமான வார்த்தைகளில் பேசிய விவகாரத்தில், ஒரு கோப்பு முறைமையின் தலைமை டெவலப்பர் 6.13 பதிப்புக்கான பணிகளில் பங்கேற்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அவர் திறமையானவர், அவர் எழுதிய நிரலைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. அதனால்தான் இந்த முடிவு பெரிய சர்ச்சை ஆனது.

ஆனால் எக்ஸ்இசட் விஷயத்தில் இந்த விதிகள் உதவியிருக்குமா? சந்தேகம்தான். புகார் சொன்னவர்கள் கெட்ட வார்த்தை பேசவில்லை. ஜியா டானோ மரியாதையின் உருவம். விதிப்புத்தகத்தை வைத்துப் பார்த்தால் யாரையும் வெளியேற்ற முடியாது. காலினுக்குப் பக்கத்தில் நின்று, அந்த மின்னஞ்சல்களுக்கு அவருக்குப் பதிலாகப் பதில் சொல்ல இன்னொரு ஆள் இல்லை. குறை அங்கேதான் இருந்தது.

இப்போது என்ன மாற்றம்?

2024 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எஃப், ஓப்பன்ஜேஎஸ் அமைப்புகள் சேர்ந்து ஒரு எச்சரிக்கை வெளியிட்டன. தங்கள் ஜாவாஸ்கிரிப்ட் திட்டம் ஒன்றிலும் இதே மாதிரி முயற்சி நடந்ததாக ஓப்பன்ஜேஎஸ் சொன்னது. 'அவசரம், என்னைப் பொறுப்பாளர் ஆக்குங்கள்' என்ற தொனியில் அறிமுகமில்லாதவர்களிடம் இருந்து மின்னஞ்சல்கள் வந்தன. யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. அதுவரை எரிச்சலாக மட்டும் பார்க்கப்பட்ட நச்சரிப்பு, அதன்பிறகு பாதுகாப்பு எச்சரிக்கையாகவும் பார்க்கப்படுகிறது.

தொந்தரவின் முகமும் மாறிவருகிறது. கோடிக்கணக்கான சாதனங்களில் இருக்கும் 'கர்ல்' மென்பொருளுக்கு, ஏஐ எழுதிக்கொடுத்த போலிக் குறை அறிக்கைகள் குவியத் தொடங்கின. படிக்க நேர்த்தியாக இருக்கும். சரிபார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளவே மனிதர் ஒருவர் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். இப்படிக் குப்பை அனுப்புபவர்களை உடனே தடை செய்வோம் என்று அதன் தலைமை டெவலப்பர் டேனியல் ஸ்டென்பர்க் 2025 மே மாதம் அறிவித்தார். 2026 ஜனவரியோடு, குறை கண்டுபிடித்தால் பணம் தரும் திட்டத்தையே கர்ல் நிறுத்திவிட்டது. இதனால் உண்மையான குறையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்கும் இனி அந்தப் பணம் கிடைக்காது.

இதில் சிக்கல் என்னவென்றால், கோபமாக எழுதுபவர் எல்லாம் சதிகாரர் இல்லை. வேலை நின்றுபோய், வேறு வழி தெரியாமல் கத்துபவர்களும் இருக்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே எல்லாரையும் பிளாக் செய்தால் அவர்களும் சேர்ந்துதான் வெளியே போவார்கள். கிட்ஹப் போன்ற தளங்களில் சூடான விவாதத்தைப் பூட்டி வைக்கவும், புதிய கணக்குகள் பேசுவதைச் சில நாட்களுக்கு நிறுத்தவும் வசதி உண்டு. சூடு ஆறும்வரை அவகாசம் கிடைக்கும். ஆனால் எப்போது பூட்டுவது, எப்போது திறப்பது என்று முடிவெடுக்க யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

எக்ஸ்இசட்டைச் சுத்தம் செய்யும் வேலையையும் கடைசியில் காலின்தான் எடுத்துக்கொண்டார். ரகசியக் கதவு நீக்கப்பட்ட 5.6.2 பதிப்பு, 2024 மே மாதக் கடைசியில் வெளியானது.