அன்பின் பெயரால் கட்டிலில் இருத்தாதீர்கள்

2020-ஆம் ஆண்டு மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழகத்தில் ஊரடங்கு தொடங்கியது. மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவிலும் தியாகராய நகர் நடேசன் பூங்காவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் நாள்தோறும் நடந்து பழகியவர்கள் ஒரே இரவில் வீட்டுக்குள் முடங்கினர். சிலர் மறுநாளே மொட்டை மாடியைப் பூங்காவாக்கிக்கொண்டனர். அங்கே எட்டு வடிவம் வரைந்து நடந்தனர். வேறு சிலர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிட்டனர். மாதங்கள் கழித்து அவர்கள் எங்களிடம் வந்தபோது இரு சாராருக்கும் இடையே இருந்த வேறுபாடு, அவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்த விதத்திலேயே தெரிந்தது.

ஊரடங்கு நீங்கி ஆண்டுகள் பல ஆகின்றன. ஆயினும் நம் நோயாளர் பலருக்கு அது இன்னும் நீங்கவில்லை. மூட்டு மாற்று அறுவைக்குப் பின்னரோ, பக்கவாதத்துக்குப் பின்னரோ, இதயச் சிகிச்சைக்குப் பின்னரோ வீட்டிலேயே இருக்க நேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையும், மெட்ரோ இரயில் பணிக்காகத் தோண்டப்பட்ட சாலைகளும் முதியோரை வாசற்படி தாண்டவிடாமல் தடுக்கின்றன. இவற்றோடு இன்னொரு தடையும் உண்டு. அது குடும்பத்தாரின் அன்பு.

“நீ எழுந்திருக்காதேம்மா, நான் கொண்டுவந்து தரேன்” என்று சொல்லாத பிள்ளைகள் குறைவு. தண்ணீரும் தட்டும் செய்தித்தாளும் கட்டிலுக்கே வந்துவிடுகின்றன. இந்த அக்கறையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் மருத்துவர் ஓய்வு சொல்லாத நிலையிலும் நோயாளரைப் படுக்கையிலேயே இருத்துவது அவருக்குக் கேடு என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இதற்கு ஆதாரம் பழையது. 1966-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லஸ் நகரில், இருபது வயதுடைய நலமான இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தனர். உழைப்பின்போது உயிர்வளியைப் பயன்படுத்தும் அவர்களின் உடல்திறன் கால் பங்குக்கு மேல் குறைந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு மூப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கையே அவர்கள் திறனை மிகுதியாகக் குறைத்திருந்தது தெரியவந்தது. இருபது வயதுக்கே இந்நிலை என்றால் எழுபது வயதுக்கு என்னவாகும்?

அசையும் உடல் பல வேலைகளைத் தானே செய்துகொள்கிறது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் காலில் தேங்கிய இரத்தம் இதயத்தை நோக்கி ஏறுகிறது. இரத்தம் உறையும் வாய்ப்பு குறைகிறது. உழைக்கும் தசை இன்சுலினின் துணையின்றியே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகையால் உணவுக்குப் பின் பத்து நிமிடம் கூடத்தில் நடப்பதும் நீரிழிவு உள்ளவருக்குப் பயன் தரும். தொடைத் தசை வலுவாக இருப்பவர் தடுமாறினாலும் விழாமல் நிற்க வாய்ப்பு மிகுதி. மலச்சிக்கல் குறைவதும் இரவில் உறக்கம் வருவதும் கூடுதல் நன்மைகள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. முதியோர் வாரத்தில் மூன்று நாளேனும் உடல் சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. எண்ணைக் கண்டு மலைக்க வேண்டா. வேளைக்குப் பத்து நிமிடமாக நாளுக்கு மூன்று வேளை, வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே 150 ஆகிவிடும். அதுவும் இயலாதவர் ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம்; சிறிதளவு அசைவும் அசையாமையினும் மேலானது. கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பத்து முறை எழுந்து அமருங்கள். சமையல் மேடையைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகத்தின் அளவு.

ஊக்கம் தானாக வருமென்று காத்திருப்பதில் பயனில்லை. சென்னையில் 1990-களில் தொடங்கிய நீரிழிவு ஆய்வு ஒன்று தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக விழிப்புணர்வு பெற்ற திருமங்கலம் குடியிருப்பினர் தம் சொந்தப் பணத்தில் ஒரு பூங்கா அமைத்தனர். முன்பு நூற்றுக்குப் பதினான்கு பேர் மட்டுமே உடற்பயிற்சி செய்த அக்குடியிருப்பில், ஏழாண்டுக்குப் பின் பாதிக்கு மேற்பட்டோர் செய்தனர். இடம் இருந்தது, உடன் நடக்க ஆள் இருந்தது. வீட்டிலும் இவ்விரண்டும் வேண்டும். கூடத்தில் நடைபாதை ஒன்றை ஒழித்துக் கொடுங்கள். வழுக்கும் மிதியடியையும் மின்கம்பியையும் அகற்றுங்கள். மாலைக் காப்பிக்கு முன் பத்து நிமிடம் நீங்களும் உடன் நடவுங்கள்.

எச்சரிக்கையும் தேவை. அறுவை முடிந்தவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்பட்ட அறிவுரையை மீறக் கூடாது. இன்சுலின் போடுவோர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய வேண்டா. பாத உணர்ச்சி குறைந்தவர் வீட்டுக்குள்ளும் செருப்பணிந்தே நடக்க வேண்டும். தலை சுற்றினால் உடனே நிறுத்தி அமருங்கள். கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சில் இறுக்கமோ மூச்சுமுட்டலோ ஏற்பட்டால் தாமதமின்றி 108-ஐ அழையுங்கள்.

இன்று மாலை அம்மா தண்ணீர் கேட்டால், எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கை நீட்டி எழுப்புங்கள். சமையலறை வரை சேர்ந்து நடந்துபோய், அவரே தம் கையால் எடுத்துக் குடிக்கட்டும்.