தடுப்பதா, உடன் செல்வதா?



"மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் நீங்கள் கிரிக்கெட் மைதானம் பார்க்கப் போகலாமா, ஹஜ்ரத்?"

சென்ற விடுமுறையில் பள்ளிப் பருவத் தோழர்களுடன் சேப்பாக்கத்திற்கும் பெங்களூருக்கும் சென்று வந்தபின், எங்கள் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டதில் தவறில்லை. தொழுகையை மறக்கடிக்கும் கேளிக்கை குறித்த கவலையே அக்கேள்வியில் இருந்தது. ஆயினும் அதற்கான பதில் ஒரே சொல்லில் அடங்குவதன்று.

பெருநாள் தினத்தில் மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டிகளைக் கொண்டு விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்ப்பதற்கு நபி (ஸல்) அவர்கள் இடமளித்தார்கள். அவர்கள் சலிப்புறும்வரை பொறுமையோடு உடன் நின்றார்கள். புகாரி, முஸ்லிம் நூல்களில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. விளையாட்டைப் பார்ப்பது அடிப்படையில் ஆகுமானதே என்பதற்கு இதுவே போதிய சான்று. பார்ப்பவரோடு உடன் நின்ற அந்த அழகிய முன்மாதிரியைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

எங்கள் குழுவில் ஐவர் இருந்தோம். ஜரிகை வணிகர் ஒருவர், சொந்தமாக வேன் ஓட்டுபவர் ஒருவர், பட்டு நெசவாளரான இந்துத் தோழர் ஒருவர், நான், வணிகரின் பதினேழு வயது மகன். தறி நின்றால் நெசவாளருக்கு அந்நாட்களின் கூலி இல்லை. அதையும் பொருட்படுத்தாமல் அவர் உடன் வந்தார். பயணத்தில் மூவர் இருந்தாலே ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளும்படி ஹதீஸில் வழிகாட்டுதல் உண்டு. வேன் ஓட்டிய தோழரையே அமீராக ஏற்றோம். எங்கு நிற்பது, எப்போது உண்பது என்ற சச்சரவு ஒருமுறைகூட எழவில்லை.

முதல் நாள் சேப்பாக்கம். ஆட்டம் இல்லாத நாளாதலால் வாயில்கள் அடைத்திருந்தன. மதிலைச் சுற்றி நடந்தோம். ஆற்காடு நவாபின் அரண்மனையால் அறியப்பட்ட பகுதி அது. அருகிலேயே, 1795இல் எழுப்பப்பட்ட திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் ளுஹர் தொழுதோம்.

அம்மதிலருகே எங்கள் நினைவு 1999 ஜனவரி 31க்குச் சென்றது. அப்போது நான் மத்ரஸா மாணவன். நோன்புப் பெருநாள் கழிந்து இரு வாரம்கூட ஆகவில்லை. 271 ஓட்டங்களை இலக்காகக் கொண்டு ஆடிய இந்திய அணி, சச்சின் முதுகுவலியோடு 136 ஓட்டங்கள் குவித்தும், 258இல் ஆட்டமிழந்து 12 ஓட்டங்களில் பாகிஸ்தானிடம் தோற்றது. இத்தகைய ஆட்டங்களின்போது, "நீ யார் பக்கம்?" என்று சோதிக்கும் பார்வைகளை நம் பிள்ளைகள் நன்கறிவர். ஆனால் அன்று சேப்பாக்கத்து மக்கள் எழுந்து நின்று வென்ற அணிக்குக் கைதட்டினார்கள். அந்த அணியும் மைதானத்தை வலம்வந்து அம்மரியாதையை ஏற்றது.

"தோற்றது வலித்தது. ஆனால் நன்றாக ஆடியவனை நன்றாக ஆடினான் என்று சொல்வதில் என்ன குறை?" என்றார் நெசவாளத் தோழர். ஒரு கூட்டத்தார் மீதான வெறுப்பு நீதியினின்றும் உங்களைப் பிறழச் செய்துவிட வேண்டாம் என்னும் கருத்தில் திருக்குர்ஆன் விடுக்கும் கட்டளையை ஆண்டுதோறும் நான் ஓதிக் கொடுக்கிறேன். அதன் பொருளை அன்று ஒரு விளையாட்டரங்கின் வாசலில் அவர் வாயிலாகக் கேட்டேன்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் பெங்களூருக்குப் புறப்பட்டோம். வழியில் ளுஹரைக் கஸ்ராக இரண்டு ரக்அத் தொழுதோம். நெசவாளத் தோழர் எங்களுக்காகக் காத்திருந்தார். திரும்பும் வழியில் வாணியம்பாடிப் பள்ளிவாசலில் ஊர் இமாமின் பின்னே அஸரை நான்காக நிறைவேற்றினோம். ஏன் இந்த வேறுபாடு என்று அச்சிறுவன் கேட்டான். பயணி, உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகத் தொழ வேண்டும் என்ற சட்டத்தை வகுப்பறையில் அவனுக்குப் பலமுறை சொல்லியிருப்பேன். அன்றுதான் அது அவன் மனத்தில் பதிந்தது.

ஆயினும் அப்பயணத்தில் என்னை உலுக்கியது சின்னசாமி அரங்கின் வாயில். 2025 ஜூன் 3 அன்று பெங்களூரு அணி முதன்முறையாக ஐபிஎல் கோப்பையை வென்றது. மறுநாள் வெற்றிக் கொண்டாட்டத்தைக் காண அங்கு திரண்ட கூட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். வாயிலருகே நின்ற சிறுவன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "ஹஜ்ரத், அன்று கையில் காசு இருந்திருந்தால் நானும் இங்கேதான் நின்றிருப்பேன். வாப்பாவிடம் சொல்லியிருக்க மாட்டேன்."

அவன் தந்தை எதுவும் பேசவில்லை. மகனின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

இது விளையாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று நாம் சொல்லிவிட முடியாது. 2015இல் மினாவில் ஹாஜிகள் நெரிசலில் மாண்ட துயரத்தை நாம் மறக்கவில்லை. கூட்டத்தை முறைப்படுத்துவது பொறுப்பிலுள்ளோர் கடமை. அதேவேளை கூட்டத்திற்குள் செல்பவருக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. அரஃபாவிலிருந்து திரும்புகையில் மக்கள் விரைந்து ஒட்டகங்களை விரட்டியபோது, அமைதி காக்கும்படியும், விரைவதில் நன்மை இல்லை என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஹஜ்ஜின் பாதையிலேயே அவசரத்திற்கு இடமில்லை எனில், கோப்பையைக் காணும் பாதையில் எவ்வாறு இடமிருக்கும்?

பெரியவருக்கு நான் அளித்த பதில் இதுதான். நாம் தடுத்தாலும் பிள்ளைகள் செல்வார்கள். சொல்லாமல் செல்வார்கள். தொழுகை நேரத்தை நினைவூட்டவும், நெரிசல் கண்டால் கைப்பிடித்து விலக்கவும், தோல்வியில் வாய் தவறினால் திருத்தவும் அப்போது அவர்களருகே எவரும் இருக்கமாட்டார். சூதும் வசைமொழியும் கலந்த ரசனையைக் கண்டிப்போம். பந்தயம் கட்டுவது ஹராம் என்பதை ஐயமின்றிச் சொல்வோம். ஆனால் ஆகுமானதை ஆகாததாக்கி, அவர்கள் நம்மிடம் பொய் சொல்லும் நிலையை உண்டாக்க வேண்டாம்.

பெற்றோரே, ஆண்டுக்கு ஒருமுறையேனும் உங்கள் பிள்ளை விரும்பும் இடத்திற்கு அவனோடு செல்லுங்கள். என்னோடு பணியாற்றும் உஸ்தாதுகளுக்கும் என் வேண்டுகோள் இதுவே.

பெரியவர் சற்று யோசித்தார். "அடுத்த முறை என் பேரனையும் அழைத்துப் போங்கள்" என்றார். "நீங்களும் வாருங்கள்" என்றேன்.

நம் பிள்ளைகளின் ஈமானையும் உயிரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.