பாஸ்வேர்ட் கேட்காத பூட்டு

"டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய்தாச்சு, இனிக் களவு போனாலும் பயமில்லை" எண்டு சொல்லுற ஆக்கள் கனபேர். சரி, லப்டொப்பை ஓன் பண்ணும்போது அது உங்களிட்ட ஏதாவது கேட்குதா? இல்லை, நேரே லொகின் திரைக்குப் போகுது. அப்ப சாவி எங்கே? லப்டொப்புக்குள்ளேயே. களவெடுத்தவன் பூட்டையும் சாவியையும் சேர்த்துத்தான் கொண்டுபோறான்.

வழக்கமான பதில் ஒன்று இருக்கிறது: சாவி டிபிஎம் சிப்பின் பொறுப்பில் இருக்கிறது, தொடக்க நிரல்களை யாரும் மாற்றினால் அது சாவியைத் தராது. உண்மைதான். ஆனால் அவற்றைத் தொடாமலே சாவியை வாங்கலாம் என்று 2025 ஜனவரியில் ஒருவர் லினக்ஸில் செய்து காட்டினார்.

தொடங்கும் லினக்ஸ், தான் திறக்கவேண்டிய பகுதியை யூயூஐடி எண்ணை வைத்துத் தேடுகிறது. அந்த எண் டிஸ்கில் வெளிப்படையாகவே எழுதியிருக்கு. களவெடுத்தவன் டிஸ்கைக் கழற்றி, பழைய பகுதியின் தலைப்பைப் பிரதியெடுத்துவிட்டு, அதே எண்ணோடு தன்னுடைய என்கிரிப்ட் செய்த பகுதியை வைக்கிறான். டிபிஎம் தரும் சாவி அதற்குப் பொருந்தாது. உடனே சிஸ்டம் பணிவாகப் பாஸ்வேர்ட் கேட்கும். அவன் தன்ர பாஸ்வேர்டைக் கொடுக்க, திறக்கும். இப்ப ஓடுவது அவனுடைய நிரல். கையொப்பமிட்ட கேர்னல் அப்படியே இருக்கு, சிப்பின் கணக்கில் எதுவும் மாறவில்லை. அவன் பழைய சாவியைக் கேட்க, டிபிஎம் எடுத்துக் குடுக்குது.

குறியாக்கக் கணிதம் இதில் உடையவே இல்லை. "இது என்னுடைய டிஸ்க்தானா?" எண்டு சிஸ்டம் ஒருக்காலும் கேட்காததுதான் பிழை. எங்களிட்ட மட்டும் ஆயிரம் தரம் அடையாளம் கேட்கும்!

விண்டோஸ்காரர் சிரிக்கவேண்டாம். 2024இல் ஒரு பழைய லெனோவோவில், டிபிஎம் சிப்பிலிருந்து சிபியுவுக்குப் போன பிட்லொக்கர் சாவியை, பத்து டொலருக்கும் குறைந்த ரஸ்பெரி பை பிக்கோவால் 43 செக்கனில் பிடித்துக் காட்டினார்கள். (டிபிஎம் சிபியுவுக்குள்ளேயே இருக்கும் புது லப்டொப்புகளில் இந்த வழி சரிவராது.) பின் வைத்தால் பாதுகாப்புக் கூடும். ஆனால் விண்டோஸ் ஹோம் பதிப்பில் அந்த வசதியைத் தரேல்லை. மலிவான பதிப்பு வாங்கினவனுக்கு இரகசியம் தேவையில்லை எண்டு நினைச்சினமோ?

லினக்ஸில் காசில்லாமலே செய்யலாம். சிஸ்டம்டி-கிரிப்ட்என்ரோலில் டிபிஎம்முடன் பின்னையும் சேருங்கோ. பிழையான பின்னைத் திரும்பத் திரும்ப அடித்தால் சிப்பே பூட்டிக்கொள்ளும், அதனால் பின் நீளமாக இருக்கவேண்டியதில்லை. காலையில நாலைஞ்சு எழுத்து அடிக்கிறதுக்கு என்ன பஞ்சி? புதுசு சேர்த்த பிறகு, பின் இல்லாத பழைய டிபிஎம் பதிவை அழிக்க மறந்திடாதேங்கோ. அது இருக்கும்வரை டிஸ்க் கேட்காமலே திறக்கும்.