வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள்!

கண்ணில் வலி இல்லை; சிவப்பும் இல்லை. ஆனால், திடீரென்று மின்னல்போல ஒளி வெட்டுகிறது. கொசுக்கூட்டம்போலக் கரும்புள்ளிகள் மிதக்கின்றன. ஓரத்தில் திரை விழுந்ததுபோல இருட்டுகிறது. “வயதானால் அப்படித்தான்” என்று வீட்டார் சும்மா இருப்பது பெருந்தவறு!

கண்ணின் உள்ளே விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அதற்கு வலி தெரியாது. அது கிழிந்தால், கிழிசல் வழியே நீர் புகுந்து படலத்தைப் பிரித்துவிடும். பார்வையே போய்விடலாம்.

கிழிசலை அடைத்தால் பார்வையைக் காக்கலாம் என்று சுவிட்சர்லாந்து டாக்டர் ஜூல்ஸ் கோனின் 1920-களில் காட்டினார். இன்று, படலம் பிரியும் முன்பே லேசர் ஒளியால் அடைத்துவிடலாம்.

புள்ளி தெரிந்தாலே கிழிசல் என்பதல்ல. ஆனால், அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அண்டை வீட்டார் அல்ல! சொட்டு மருந்து வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். அன்றே செல்லுங்கள்!