விசேஷம் ஒண்ணுமில்லை... சும்மா வாங்க!

ஞாயிற்றுக்கிழமை பட்டாசு ஆலை வேன்கள் ஓடாது. அர்ச்சுனா நதி அணையை ஒட்டிய ஆனைக்குட்டம் வட்டாரத்தில், வாரம் முழுக்க விடியும் முன்பே வேலைக்கு ஓடியவர்கள் அன்றுதான் வீட்டில் இருப்பார்கள். மற்ற ஆறு நாளும் பகலில் தெருவில் யார் இருக்கிறார்கள்? பிள்ளைகளைத் திருப்பூருக்கும் சென்னைக்கும் அனுப்பிவிட்ட பெரியவர்கள்தான்.

'கிராமத்தில் என்ன தனிமை? தெரு முழுக்கச் சொந்தம்தானே?' என்று கேட்பவர்கள் உண்டு. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுவதாகவும், ஆண்டுக்கு 8,71,000 மரணங்களுக்கு அதோடு தொடர்பிருப்பதாகவும் 2025-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் இதற்கென்றே அமைச்சர்களை நியமித்தன.

நம் சிக்கல் வேறு மாதிரி. ஒரு வீட்டுக்குப் போக நமக்குக் காரணம் வேண்டும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, இல்லையென்றால் துஷ்டி. நல்லதுக்குப் போக பத்திரிகை வர வேண்டும், மொய் எழுத வேண்டும். கணவரை இழந்தவர் அங்கேயும் ஓரமாகத்தான் நிற்கிறார்.

பட்டாசு மண்ணில் இது சின்ன விஷயமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதற்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. துஷ்டி வீட்டில் பதினாறாம் நாள் வரை கூட்டம் இருக்கும். பதினேழாம் நாள் யார் வருகிறார்கள்?

அதனால்தான் காரணமே இல்லாத அழைப்புக்கு மதிப்பு அதிகம். நல்லது, கெட்டது எதுவுமில்லாத இடத்தில் யாரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

முன்பு திண்ணையில் பசைக்கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் தீப்பெட்டி ஒட்டுவார்கள். கூலி சொற்பம், பிள்ளைகளின் படிப்பையும் தின்ற வேலை. அது திரும்ப வரவே வேண்டாம். ஆனால், கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறக்கும் என்பதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். வந்தவர்களை வட்டமாக நாற்காலியில் உட்கார வைத்தால் பேச்சு வராது. முருங்கைக்கீரையை நடுவில் கொட்டுங்கள், அல்லது உதிரிப்பூவும் நாரும். ஆண்களுக்குத் தாயமோ சீட்டோ போதும்; காசு வைக்காமல்!

நாளும் நேரமும் மாறக் கூடாது. ஞாயிறு நாலு முதல் ஆறு வரை என்றால் அவ்வளவுதான். எப்போது கிளம்பலாம் என்று தெரிந்தால்தான் கூச்சமுள்ளவர் வருவார். சமையல் வேண்டாம், பலகாரத்தில் போட்டி வந்தால் அடுத்த வாரம் நடத்த ஆள் கிடைக்காது. வரக்காப்பியும் கால் கிலோ சாத்தூர் காராச்சேவும் தாராளம். டிவியை அணைத்துவிடுங்கள்.

அழைப்பு சொந்தக்காரர்களோடு முடியக் கூடாது. அடுத்த தெருவுக்கும் போக வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி. முதல் மாதத்தில் நடந்துவிடாது.

வாட்ஸ்அப்பில் பொதுவாகப் போட்டால், 'நம்மை எங்கே கூப்பிட்டார்கள்?' என்றே நினைப்பார்கள். வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். 'வேலை இருக்கு தாயி' என்றால் விட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு மறுபடி கூப்பிடுங்கள். மூட்டுவலியால் வர முடியாதவர் இருந்தால், அந்த வாரம் காராச்சேவுப் பொட்டலத்தை அவர் திண்ணையில் பிரிக்கலாம்.