அங்கத்துவம் என்னும் விற்பனைப் பண்டம்

மாத்தளை மாவட்டத்து எல்கடுவையில் 'அங்கத்தவர்' என்னும் சொல்லுக்குத் திட்டமான பொருள் ஒன்று உண்டு. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் தொகைகளுள் தொழிற்சங்கச் சந்தாவும் ஒன்று. அவள் அச்சந்தாவைப் பற்றி முறையிடுகிறாள். தோட்டத் தலைவரை ஏசுகிறாள். பிடிக்காவிடின் வேறு சங்கத்துக்கு மாறுகிறாள். சங்கங்கள் மீது அவளுக்குள்ள மனக்குறைகள் யாவும் நியாயமானவையாகவே இருக்கலாம். எனினும், அம்மனக்குறையை உரிமையோடு எடுத்துரைக்கும் தகுதியை அவளுக்கு அளிப்பது அச்சந்தாவே. பதிவுபெற்ற சங்கம் ஆண்டுதோறும் கணக்குச் சமர்ப்பித்தல் வேண்டும் என்பது 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் விதித்த கடமை. அங்கத்துவம் இம்மலைகளில் இலகுவாகக் கிடைத்ததுமன்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்திற் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானமை அதன் விலையைக் காட்டும்.

அதே தோட்டத்து லயத்தில் வளரும் இளைஞன் ஒருவன் மேனாட்டு ரொக் இசைக்குழுவொன்றின் 'உத்தியோகபூர்வ இரசிகர் மன்ற'த்திற் சேர்ந்து அங்கத்தவன் என்று தன்னை அழைத்துக்கொள்ளும்போது அச்சொல்லின் பொருள் தலைகீழாகின்றது. சந்தா இங்கும் உண்டு. பெறுவது யாது? பெயர் பொறித்த அட்டை. குழுவின் சின்னம் பதித்த பொருள்களை வாங்கும் வாய்ப்பு. கச்சேரிக்கான நுழைவுச்சீட்டைப் பிறருக்கு முன்னர் வாங்கும் சலுகை. (அக்கச்சேரி எல்கடுவைக்கு எட்டிய தூரத்தில் நடைபெறுமா என்பது வேறு விடயம்.) பணம் கொடுத்தவனுக்கு, மேலும் பணம் கொடுப்பதற்கான முன்னுரிமை! செயலாளரைத் தெரிவுசெய்ய அவனுக்கு வாக்கில்லை. கணக்குக் கேட்க வழியில்லை. வாடிக்கையாளன் எனப்பட வேண்டியவனே அங்கத்தவன் எனப்படுகிறான்.

இதனை மேனாட்டுப் பண்பாட்டு ஊடுருவல் என்று ஒரு வரியிற் கூறி ஒதுக்குவோர் உளர். அது சோம்பேறித்தனமான விமர்சனம். ரொக் இசையை விரும்புவது குற்றமன்று; அவ்விருப்பம் போலியுமன்று. குற்றம் அவ்விருப்பத்தை அறுவடை செய்யும் முறையிலேயே உள்ளது.

அமெரிக்காவின் 'கிஸ்' குழுவின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1975இல் இந்தியானா மாநிலத்து டெரெ ஹோட் நகர வானொலி நிலையம் அக்குழுவின் பாடல்களை ஒலிபரப்ப விரும்பவில்லை. பில் ஸ்டார்க்கி, ஜே எவன்ஸ் என்னும் இரு இளைஞர் விடாது வற்புறுத்தினர். தம்மைக் 'கிஸ் படை' என அழைத்துக்கொண்டனர். நிலையம் பணிந்தது. அவ்வாண்டு நவம்பரில் அந்நகரில் நடைபெற்ற கச்சேரியில் ஸ்டார்க்கி மேடைக்கு அழைக்கப்பட்டுக் கௌரவிக்கப்பட்டார். அதன் பின்னர் நிகழ்ந்ததே கவனத்துக்குரியது. 'கிஸ் படை' குழுவின் உத்தியோகபூர்வ மன்றமாக்கப்பட்டது. அதிற் சேர்வதற்கான படிவங்கள் இசைத்தட்டு உறைகளுக்குள் வைத்து விற்கப்பட்டன. இரசிகர் தாமே கட்டியெழுப்பிய வீட்டுக்கு அவர்களிடமே வாடகை வசூலிக்கப்பட்டது. 'உத்தியோகபூர்வம்' என்னும் அடைமொழி செய்த வேலை இவ்வளவே.

பீட்டில்ஸ் குழுவின் மன்றம் இதனினும் கண்ணியமானது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். லிவர்பூலில் ஃப்ரீடா கெல்லி இரசிகர் கடிதங்களுக்குப் பொறுமையோடு பதிலளித்தார். 1963 முதல் 1969 வரை நத்தார்தோறும் அங்கத்தவருக்கெனத் தனி இசைத்தட்டு அனுப்பப்பட்டது. ஆயினும் அவை கொடைகளேயன்றி உரிமைகளல்ல. 1972இல் அம்மன்றம் மூடப்பட்டபோது அங்கத்தவர் அறிவிப்பைப் பெற்றவர்களேயன்றி முடிவெடுத்தவர்களல்லர்.

தமிழுலகம் இதிற் பெருமைகொள்ள இடமில்லை. 2011இல் நடிகர் அஜித்குமார் தமது இரசிகர் மன்றங்களைக் கலைப்பதாக அறிவித்தார். அவர் கூறிய காரணங்கள் நேர்மையானவையாக இருக்கலாம். 2021 ஜூலையில் ரஜினிகாந்த் மக்கள் மன்றத்தைக் கலைத்து, அது முன்போல இரசிகர் மன்றமாக இயங்கும் என்றார். சுவரொட்டி ஒட்டியும் இரத்ததானம் செய்தும் பல்லாண்டு உழைத்தோரின் அமைப்பு ஒருவரது ஓர் அறிக்கையால் இருக்கவும் இல்லாதொழியவும் கூடுமாயின், அது யாருடைய அமைப்பு?

கண்டிச் சீமையிற் பிறந்த எம்.ஜி.ஆரின் மன்றங்களை எடுத்துக்காட்டி இதனை மறுப்போர் உளர். 1972 ஒக்ரோபரில் அ.தி.மு.க. தோன்றியபோது அம்மன்றங்களே அதன் அடித்தளமாயின என்பது உண்மை. ஆனால் இது மறுப்பன்று, சான்று. மன்றத்திற் கைதட்ட மட்டுமே இயன்றவன், கட்சியாக மாறிய பின்னரே பங்கு கேட்கத் துணிந்தான். அங்கும் எவ்வளவு கிடைத்தது என்பது தனியாக ஆராயத்தக்கது.

மலையக இளைஞருக்கு அமைப்பாக்கம் புதிதன்று. மாசியிற் காமன் கூத்து ஆடுவதற்குத் தோட்டத்து மக்கள் தாமே பணம் திரட்டுகின்றனர். தாமே ஆளை நியமிக்கின்றனர். செலவிற் குறை கண்டால் தாமே சண்டையிடுகின்றனர். ரொக் இசையை நேசிக்கும் எல்கடுவை இளைஞர் பத்துப்பேர் அவ்வண்ணமே ஒரு வட்டம் அமைக்கட்டும். இலண்டனிலோ நியூயோர்க்கிலோ உள்ள முகாமையாளரின் முத்திரை அதற்கு வேண்டியதில்லை. சேரும் சந்தாவில் ஒரு கித்தார் வாங்கலாம். அது யார் வீட்டில் இருப்பது என்று வாக்கெடுக்கலாம். வாங்கிய விலை மிகையென்று பொருளாளரைக் கேள்வி கேட்கலாம். கடல்கடந்த மன்றத்துக்குப் பணம் அனுப்புமுன் அவ்விளைஞன், மாதந்தோறும் சந்தா கழிக்கப்படும் தன் தாயிடம், அங்கத்தவர் கேட்கவேண்டிய கேள்விகள் எவையென்று விசாரிக்கட்டும். அக்கேள்விகளை அந்த மன்றத்துக்கே எழுதி அனுப்பி, பதில் வரும்வரை பணத்தைக் கையில் வைத்திருக்கட்டும்.