கணக்குப் பரீட்சையும் நாமும்

காலாண்டுப் பரீட்சை வந்துவிட்டால் அதன் சூடு அடுப்படி வரைக்கும் வந்துவிடும். "நமக்கே கணக்கு வராது, பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று ஒதுங்கும் தாய்மார்களுக்காகவே இந்த முறை எழுதுகிறேன். நானும் பத்தாம் வகுப்போடு நின்றவள்தான்.

என் அண்ணன் மகள் திருமங்கலத்தில் எங்கள் வீட்டில் தங்கி பிளஸ் ஒன் படிக்கிறாள். மாதப் பரீட்சையில் கணக்கில் 50-க்கு 14. "பேசாம வேற குரூப்புக்கு மாத்திடலாம்மா" என்று அண்ணன் சொல்லிவிட்டார். இவளுக்கோ இன்ஜினீயரிங் ஆசை. கணக்கை விட்டால் அந்த வழியே அடைபட்டுப் போகுமே!

விடைத்தாளைப் பார்த்தேன். அவளைக் கவிழ்த்தது 'விகிதமுறு அசமன்பாடு' என்ற பகுதி. பயப்படாதீர்கள், பெயர்தான் பெரிசு. பின்னத்தில் எக்ஸ் இருக்கும். அது எந்த எண்ணாக இருந்தால் சொன்னது சரியாகும் என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு இது: (எக்ஸ் + 1) / (எக்ஸ் − 3) < 3

கீழே இருந்ததை அப்படியே வலப்பக்கம் பெருக்கி, 'எக்ஸ் 5-ஐ விடப் பெரியது' என்று எழுதியிருந்தாள். "எக்ஸுக்கு 0 போட்டுப் பாரேன்" என்றேன். மைனஸ் மூன்றில் ஒன்று வந்தது. அதுவும் 3-ஐ விடக் குறைவுதானே! "அப்போ 0-வும் விடைதான், அத்தை" என்றாள்.

ஏன் தப்பியது? 5 ரூபாய் 2 ரூபாயை விடப் பெரிசு. ஆனால் 5 ரூபாய் கடன்பட்டவர், 2 ரூபாய் கடன்பட்டவரை விடக் கீழேதான். மைனஸால் பெருக்கினால் பெரிசு, சிறிசு தலைகீழாகிவிடும். எக்ஸ் − 3 பிளஸா, மைனஸா என்று தெரியாமல் பெருக்கக் கூடாது.

சரியான முறை:

1. வலப்பக்கத்து 3-ஐ இடப்பக்கம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்க வேண்டும்: (10 − 2எக்ஸ்) / (எக்ஸ் − 3) < 0.

2. மேலே 5-லும், கீழே 3-லும் பூஜ்யம் வரும். கோடு போட்டு அங்கே இரண்டு புள்ளி வைக்க வேண்டும். கோலம் போடுகிற நமக்கு இது கஷ்டமா என்ன?

3. மூன்று துண்டிலும் ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். 0 போட்டால் மைனஸ். 4 போட்டால் பிளஸ். 6 போட்டால் மைனஸ். நமக்கு வேண்டியது மைனஸ். ஆகவே எக்ஸ் 3-க்குக் கீழே, அல்லது 5-க்கு மேலே.

3 ஒருபோதும் விடையில் சேராது. பூஜ்யத்தால் வகுக்க முடியாது. 'குறைவு அல்லது சமம்' என்று கேட்டிருந்தால் 5 மட்டும் சேரும்.

இனி படிக்கும் முறை. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-ல் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து நினைவு அதிகம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலோ, ஒரு தரம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள்: 56 சதவீதம், மற்றவர்கள் 42. செய்து வைத்த கணக்கைக் கண்ணால் பார்த்துத் தலையாட்டுவது படிப்பாகாது. நோட்டை மூடிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் தினம் ஐந்தே கணக்கு: இரண்டு புதுசு, இரண்டு போன வாரத்துது, ஒன்று முன்பு தப்பாய்ப் போட்டது. தப்புகளுக்கென்று தனி நோட்டு. ராத்திரி நான் கீரை ஆயும்போது ஒரு கணக்கை எனக்கு விளக்க வேண்டும். நான் "ஏன்?" என்று மட்டும் கேட்பேன். அவள் திணறும் இடம் எதுவோ, அதுதான் மறுநாள் பாடம்.

அடுத்த பரீட்சையில் 50-க்கு 33. அண்ணன் குரூப் பேச்சை விட்டுவிட்டார்.

பரீட்சைக்கு முதல் நாள் புதுப் பாடம் தொட வேண்டாம். நேரத்தோடு தூங்க விடுங்கள். தூக்கத்தில்தான் படித்தது மனதில் படிகிறது. காலையில் இட்லியோ, ரசம் சாதமோ, பழகின ஆகாரமே போதும். விடை வந்ததும் ஓர் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கச் சொல்லி அனுப்புங்கள். மார்க் குறைந்து வந்தாலோ, திட்டுமுன் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தோழிகளே!